பவளத் துண்டை 24 மணி நேரம் பையில் அனுப்பினால் தண்ணீர் கெடாமல் இருக்க என்ன செய்வது?

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் உயிருள்ள பவளத்தில் நாலைந்து துண்டை வெட்டி, சிங்கப்பூரிலிருந்து வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பப் போகிறீர்கள், பைக்குள் என்ன மருந்து போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் போடாதீர்கள். கட்டிய பைக்குள் வடிகட்டி எதுவும் ஓடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சை உறிஞ்ச நன்னீர் மீன் பையில் போடும் சியோலைட் கனிமம்கூடக் கடல்நீரில் வேலைக்காகாது. உப்பிலுள்ள சோடியமே அதன் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும், அம்மோனியா அப்படியே மிதக்கும்.

பை நாறினால் எல்லோரும் பவளத்தைக் குறை சொல்வார்கள். பல நேரம் குற்றவாளி பவளம் ஒட்டியிருக்கும் கல். அதன் பொந்துகளில் கடற்பஞ்சு, புழு, பாசி இருக்கும். தண்ணீர் ஓட்டம் நின்றதும் அவைதான் முதலில் சாகும். அதனால் சின்ன பிளக்கில் (பவளத்தை ஒட்டி வைக்கும் சிறு அடிக்கட்டை) ஒட்டிய துண்டையே அனுப்புங்கள், பிளக்கின் அடியைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். வெட்டிய காயம் ஆற ஒரு வாரமாவது வேண்டும், இல்லையென்றால் கோழை கொட்டி பைத் தண்ணீர் கஞ்சிபோல ஆகிவிடும். 2 நாள் முன்பே தீனியை நிறுத்துங்கள். டார்ச், ஹேமர் மாதிரி சதைப்பற்றுள்ள பவள வகைகள் தின்றதைப் பைக்குள்ளேயே கக்கிவிடும்.

தொட்டித் தண்ணீரைவிடப் புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீர் நல்லது. ஆனால் குழாய்த் தண்ணீர் வேண்டாம். சிங்கப்பூரின் நீர் வாரியமான பியூபி தரும் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி இருக்கிறது, ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் அது போகாது. குளோரின் நீக்கி ஊற்றினாலோ குளோரமின் உடைந்து அம்மோனியாவை விட்டுவிடும். பை கட்டும் முன்பே நஞ்சு உள்ளே. ஆர்ஓ-டிஐ தண்ணீர் (வடிகட்டித் தாதுக்களை நீக்கிய தண்ணீர்) 10 லிட்டருக்கு ஏறக்குறைய 360 முதல் 380 கிராம் உப்பு (பிராண்டைப் பொறுத்து மாறும்), உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 35 பங்கு (ppt) காட்ட வேண்டும். ஒரு நாள் காற்றுக்குமிழி ஓடட்டும், வெப்பம் 25 முதல் 26 டிகிரி.

3, 4 சென்டிமீட்டர் துண்டுக்கு அரை லிட்டர் தண்ணீர் போதும். விரிந்திருக்கும் டார்ச்சை அப்படியே வெளியே தூக்கினால் தண்ணீரின் கனத்திலேயே சதை கிழியும். தண்ணீருக்குள் வைத்தே மெல்ல ஆட்டுங்கள், சுருங்கிய பிறகு எடுங்கள். பிளக்கை ஒரு ஸ்டைரோஃபோம் வில்லையில் செருகித் தலைகீழாக மிதக்கவிட்டால் பவளம் பையின் சுவரில் உரசாது. தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு, மீதி காற்று. இருட்டில் பவளத்துக்குள் வாழும் நுண்பாசி ஆக்ஸிஜன் தராது, அதுவும் சேர்ந்து மூச்சுவிடும்; அதனால்தான் இவ்வளவு காற்று. பையை மேளம்போல இறுக்காதீர்கள், மேலே பறக்கும்போது காற்று விரியும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பை, இரட்டைப் பை. லெதர் என்ற மென்பவளத்தை மற்றவற்றோடு ஒரே பையில் போடவே கூடாது, அது விடும் ரசாயனம் பக்கத்தில் இருப்பதை வாட்டிவிடும்.

ஸ்டைரோஃபோம் பெட்டியில் ஐஸ் பேக்கைச் செய்தித்தாளில் சுற்றி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள், பையைத் தொடக்கூடாது. நம்மூர் வெயிலில் வேன் கதவு மூடி நிற்கும் அரை மணி நேரம்தான் விமானப் பயணத்தைவிட மோசம். டார்ச், ஹேமர் போன்ற கற்பவளங்கள் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) 2ஆம் இணைப்பில் இருப்பதால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் அனுப்ப முடியாது. அதை முதலில் முடித்துவிட்டு வெட்ட ஆரம்பியுங்கள்.

இனி உங்கள் நண்பருக்கு. பைக்குள் கரியமிலவாயு சேர்ந்து பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கியிருக்கும். அம்மோனியா இருந்தாலும் அந்த நிலையில் அதன் பெரும்பகுதி அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும். ஒரு எண் ஏறினால் நச்சு அம்மோனியா கிட்டத்தட்ட 10 மடங்கு. திறந்த பையில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விடும் பழக்கம் ஆபத்தாவது இதனால்தான். வெப்பம் சமமாகப் பையை மூடியபடியே 20 நிமிடம் மிதக்கவிட்டு, பையை வெட்டியதும் பவளத்தை எடுத்துச் சுத்தமான உப்புத் தண்ணீர் வாளிக்கு மாற்றச் சொல்லுங்கள். உங்கள் உப்பளவைப் பையில் எழுதி அனுப்பினால் அவர் வாளியை அதே அளவில் தயாராக வைத்திருப்பார், உப்பை மெல்ல மாற்றும் வேலையை அந்த வாளியில் செய்துகொள்ளலாம். பைத் தண்ணீர் நேரே கழிவறைக்கு. ஸோஆந்திட் (நஞ்சு இருக்கக்கூடிய, பொத்தான் போன்ற பவள உறவினம்) இருந்தால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம் என்பதையும் அந்தப் பையிலேயே எழுதிவிடுங்கள்.