குளிர் விலகும் முன்பே கோடைத் துணிகளை விற்றது ஏன்?

பழைய பேரங்காடிகள் குளிர்காலம் முடியும் முன்பே கோடைத் துணிகளைக் காட்சிக்கு வைத்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பாரிஸின் போன் மார்ஷே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1852இல் அதில் பங்குதாரராகச் சேர்ந்த அரிஸ்தீத் பூசிக்கோ, பண்டிகை வியாபாரம் ஓய்ந்து கடை காற்று வாங்கும் ஜனவரியில் படுக்கை விரிப்பு, மேசைத்துணி போன்ற வெள்ளைத் துணிகளுக்கென்றே தனி விற்பனை நடத்தினார். வசந்த, கோடைப் புதுவரவுகள் அதைத் தொடர்ந்து வந்தன. பெண்களின் உடைகள் பெரும்பாலும் வீட்டிலோ தையற்காரியிடமோ அளவெடுத்துத் தைக்கப்பட்ட காலம் அது என்பதால், வெயிலில் உடுத்த வேண்டியதற்கான துணியைப் பல வாரங்கள் முன்பே வாங்கியாக வேண்டியிருந்தது. வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு அஞ்சலில் போன விலைப்பட்டியல்களோடு உண்மையான துணித் துண்டுகளும் மாதிரியாகச் சென்றன. விரலால் தடவி நெசவின் நெருக்கத்தைப் பார்த்துவிட்டு (இன்றைய கைபேசிப் படத்தைவிட நேர்மையான விளம்பரம் அது என்பேன்) அவர்கள் கடிதத்திலேயே வேண்டியதைக் கேட்டு வாங்கினார்கள்.