கண்ணாடி மூடி போட்ட கோஹிபா

ஹவானாவில் ஓட்டல் வாசலில் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். மச்சான் சுருட்டு ஆலையில் வேலை, இன்றைக்கு மட்டும் கூட்டுறவு விற்பனை என்று ஒரு வீட்டு மாடிக்கு அழைத்துப் போனார். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் 25 கோஹிபா (கியூபாவின் பேர்போன சுருட்டு), 80 டாலர். ஊருக்கு வந்து பற்றவைத்தால் குப்பை எரிக்கிற நாற்றம். ஏமாந்துவிட்டேனா? (வாசகர், ஷார்ஜா)

ஏமாற்றப்பட்டீர்கள். கோஹிபா கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதே கிடையாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே மச்சான் கதைக்கு நான் 120 டாலர் அழுதிருக்கிறேன். திரும்பி வந்து ஒன்றை பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். நுனியிலிருந்து அடிவரை ஓட வேண்டிய முழு இலை ஒன்றுகூட இல்லை. தேயிலைத் தூள் மாதிரி உதிரி, நடுவில் ஒரு சாக்கு நூல். அந்தக் 'கூட்டுறவு நாள்' அங்கே வருஷம் முழுக்க நடக்கிறது.

அடுத்த முறை பெட்டியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். 'ஹபானோஸ் எஸ்.ஏ.', 'ஹெச்சோ என் கூபா', 'தோத்தால்மென்தே அ மானோ' என்று மரத்தில் சூடு போட்டிருக்கும். முதலாவது கியூபச் சுருட்டு விற்கும் நிறுவனத்தின் பெயர், அடுத்தது 'கியூபாவில் செய்தது', கடைசி வரிக்கு 'முழுக்கக் கைவேலை' என்று பொருள். விரலால் தடவினால் பள்ளம் தட்டும். பக்கத்தில் மையில் ஆலைக் குறியீடு, பெட்டி கட்டிய மாதம், ஆண்டு. முன்பக்கம் பச்சை உத்தரவாத முத்திரை. இவ்வளவையும் போலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே 'லா காசா தெல் ஹபானோ' பலகை மாட்டிய அதிகாரபூர்வக் கடையில் வாங்கி ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹூஸ்டனில் இருக்கும் தம்பிக்கு இரண்டு மான்டேகிரிஸ்டோ சுருட்டு கொண்டுபோகலாமா? (துபாய்)

கூடாது. 2020 செப்டம்பரிலிருந்து கியூபச் சுருட்டைப் பயணிகள் கையோடு கொண்டுபோகவும் அமெரிக்காவில் தடை. தம்பிக்குச் சட்டை எடுத்துக் கொடுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய ஹ்யூமிடார், அதாவது சுருட்டை ஈரப்பதம் குறையாமல் வைக்கும் பெட்டி. ஈரமானி முள் 70-ஐ விட்டு அசையவில்லை, ஆனால் சுருட்டெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. விற்றவரோ, நன்றாக முதிர்ந்தால் எண்ணெய் அப்படித்தான் பூக்கும் என்கிறார். (சிங்கப்பூர்)

அது பூஞ்சை. இந்த எண்ணெய்ப் பூ கதையை அவிழ்த்துவிட்டே எத்தனை பேர் கெட்ட சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்!

என் நெடுநாள் எரிச்சல் அந்தப் பித்தளை முள். பெட்டிக்கு முகப்பொட்டு மாதிரி ஒட்டி அனுப்புகிறார்களே தவிர, அது சரியாகக் காட்டுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நீங்களே பார்க்கலாம். சோடா பாட்டில் மூடியில் ஒரு ஸ்பூன் உப்பு போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈரமானியையும் அதையும் காற்றுப் புகாத ஜிப் பையில் ஒரு நாள் மூடி வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும், முள்ளும் அதையே காட்ட வேண்டும். என் முதல் ஹ்யூமிடாரின் முள் 62 காட்டியது. அதாவது அது 70 என்று சத்தியம் செய்த நாளெல்லாம் உள்ளே 80-க்கு மேல். நாற்பது சுருட்டு போனது எனக்கு.

பளபளப்பான மரத்துக்குக் கொட்டிய காசை மறந்துவிடுங்கள். இறுக்க மூடும் சாப்பாட்டு டப்பா, 65 அல்லது 69 சதவீதம் என்று போட்ட ஈரப்பத பாக்கெட், ஒரு டிஜிட்டல் மீட்டர் போதும். அறை 20 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். 24-ஐத் தாண்டினால் புகையிலை வண்டு பொரிக்க வாய்ப்பு உண்டு, மேலிலையில் ஊசி குத்தியது போல ஓட்டை விழும்.

மூன்று கடை ஏறி இறங்கி விலை விசாரித்து வாங்கிய சுருட்டை, நன்றாக முதிரட்டும் என்று ஒன்றரை வருஷம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். மேலிலை வெடித்துவிட்டது. சரிசெய்ய வழி உண்டா? (கோலாலம்பூர்)

கறிவேப்பிலையைச் சருகாக்குகிற பெட்டி இதை மட்டும் விட்டுவிடுமா? விலை விசாரிக்க மூன்று கடை ஏறி இறங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், பத்திரப்படுத்தும் விதத்தை ஒரு கடையிலும் கேட்கவில்லை. வழி இல்லை.

அதிகாரபூர்வக் கடையில் வாங்கிய புதுப் பெட்டி. பற்றவைத்தால் மூக்கில் அமோனியா நெடி ஏறுகிறது. இதுவும் போலியா? (லண்டன்)

இல்லை, இளசு. இலை இன்னும் அடங்கவில்லை. அடியிலுள்ள தேதியைப் பாருங்கள். 'எனெ' என்றால் எனெரோ, ஸ்பானிய ஜனவரி. ஓராண்டு கைவைக்காதீர்கள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று எடுத்துப் பாருங்கள். தேதி போட்ட பெட்டியைக் காட்டாமல் 'பத்து வருஷம் முதிர்ந்தது' என்று உதிரியாக விற்பவரிடம் வாங்காதீர்கள். நான் வாங்கினேன், வைக்கோல்.

நான் புகையை உள்ளிழுப்பதில்லை. அப்போ பயமில்லைதானே? (சென்னை)

வாய்ப்புற்று வர உள்ளிழுக்கத் தேவையில்லை.

தாத்தா பாணியில் நுனியைக் கடித்துத் துப்பினேன். பாதிச் சுருட்டு பிரிந்து கையோடு வந்துவிட்டது. மட்டமான சரக்கா? (திருச்சி)

சரக்கைக் குறை சொல்லாதீர்கள். தாத்தாவின் திருச்சி சுருட்டுக்கு இரு முனையும் திறப்பு. கியூபச் சுருட்டின் தலையில் இலைத்துண்டு ஒன்றைத் தொப்பியாக ஒட்டியிருப்பார்கள், மேலிலையைப் பிடித்து நிறுத்துவதே அதுதான். தொப்பியின் ஓரக்கோட்டுக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் மட்டும் கட்டரால் வெட்டுங்கள். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், முதல் பாதி முழுக்க பங்க் வாசனைதான் வரும். தீக்குச்சி போதும், ஆனால் மருந்து எரிந்து முடிகிறவரை பொறுங்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு.