மடிநோய்க் கிருமியை இன்ஃப்ராரெட் மெஷின் காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: ஆறு கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கிறேன். இரண்டுக்கு மடிநோய் விட்டு விட்டு வருகிறது. ஊசி போட்டால் அடங்குகிறது, கொஞ்ச நாளில் மறுபடியும் பால் திரித்திரியாக வருகிறது. பால் பண்ணையில் இன்ஃப்ராரெட் மெஷின் வைத்துப் பாலைச் சோதிக்கிறார்களே, எந்தக் கிருமி என்று அதிலேயே பார்க்க முடியாதா? (பால் உற்பத்தியாளர், நாமக்கல் மாவட்டம்)

பதில்: முடியாது. அந்த மெஷின் கொழுப்பு, புரதம், லாக்டோஸ் அளக்கத்தான். பாலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், அது இன்ஃப்ராரெட் கதிரை விழுங்கிவிடும். மிச்சத்தில் கொழுப்பும் புரதமும்தான் தூக்கலாகத் தெரியும். கிருமி இருக்கிற இடமே தெரியாது.

ஆனால் இதே கதிரை வைத்துக் கிருமியைப் பிரித்தறியும் முறை ஒன்று உண்டு. பெர்லினில் உள்ள ராபர்ட் கோக் நிறுவனத்தின் டீட்டர் நௌமன் குழு 1991-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டது. முதலில் பாலை வளர்ப்புத் தட்டில் தடவி, 37 டிகிரியில் ஒரு நாள் விட வேண்டும். முளைத்த புள்ளிகளில் ஒரே வகையை மட்டும் எடுத்து, தனியாக வளர்த்து, மெல்லிய படலமாக உலர்த்துவார்கள். அதில் கதிரைச் செலுத்தினால் கிருமியின் புரதம், கொழுப்பு, செல்சுவர்ச் சர்க்கரைகள் எல்லாம் தத்தம் அலைநீளத்தில் கதிரை உறிஞ்சும். அப்படிக் கிடைக்கும் வரைகோட்டை, ஏற்கெனவே பெயர் தெரிந்த கிருமிகளின் கோடுகளோடு கம்ப்யூட்டர் ஒப்பிட்டுச் சொல்லும். கிருமியை வளர்க்கும் ஊட்டப்பொருளோ நேரமோ மாறினால் கோடும் மாறிவிடும். சேமிப்பில் இல்லாத கிருமி வந்தால் சரியான பெயர் கிடைக்காது.

இதன் உண்மையான பலம், ஒரே இனத்துக்குள் இருக்கும் உட்பிரிவுகளைப் பிரிப்பதில்தான். இரண்டு மாட்டிலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற மடிநோய்க் கிருமியின் ஒரே உட்பிரிவு இருந்தால், கறக்கிற கை வழியாகப் பரவியிருக்க வாய்ப்பு அதிகம். பெரிய பண்ணைக்கு இது உதவும். ஆறு மாட்டுக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் கருத்து. எந்த மருந்து கேட்கும் என்பதுதானே உங்களுக்கு வேண்டும்? அதைச் சாதாரண வளர்ப்புச் சோதனையும் மருந்து உணர்திறன் சோதனையுமே சொல்லிவிடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தால் எனக்கு ஆரியஸ் மேல்தான் சந்தேகம். அது மடித் திசுவுக்குள் புகுந்து பதுங்கிக்கொள்ளும், மருந்து அங்கே சரியாக எட்டாது.

மாதிரியை அடுத்த ஊசி போடுவதற்கு முன்பே எடுங்கள். காம்பைக் கழுவித் துடைத்து, நுனியை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் தேய்த்து, முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கீழே விட்டுவிட்டு, கை படாமல் ஸ்டெரைல் குப்பியில் பிடியுங்கள். ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். சாணம் பட்ட மாதிரியில் கண்ட கிருமியும் முளைக்கும், முடிவை நம்ப முடியாது. முடிவு வரும்வரை அந்த இரண்டு மாட்டையும் கடைசியாகக் கறங்கள். அவற்றின் பாலைக் கேனில் கலக்காதீர்கள்.