எண்ணெய் பிரியணுமா, சேரணுமா?

கேள்வி: இத்தாலியக்காரர்களின் 'ஆலியோ ஏ ஒலியோ' ஸ்பெகெட்டி கால் மணி நேரத்தில் ஆகிவிடும் என்றார்கள். எனக்குப் பூண்டு கசந்துவிட்டது. எண்ணெய் தட்டின் அடியில் தேங்கி நின்றது. எங்கே தப்பு?
– வாசகி, தாம்வே, யாங்கூன்

பதில்: எண்ணெயைக் காயவிட்டு, தாளிப்பது போலப் பூண்டைப் போட்டிருப்பீர்கள். கடுகுக்கு அது சரி, பூண்டுக்கு ஆகாது. இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பெகெட்டி, ஆறு பல் பூண்டு, 4 மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி இடித்த மிளகாய். பூண்டை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, காயாத எண்ணெயிலேயே போட்டுச் சிறு தீயில் ஏற்றுங்கள். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் மிளகாயைத் தூவி இறக்கிவிடுங்கள். இறக்கிய பிறகும் எண்ணெய்ச் சூட்டில் பூண்டு சிவந்துகொண்டே போகும். கரண்ட் இல்லாத நாளில் கரி அடுப்பில் செய்பவர்கள் தணலைப் பாதி ஒதுக்கிவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

எண்ணெய் தேங்கியதற்குக் காரணம் வேறு. வெந்த தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டியிருப்பீர்கள். எண்ணெயை ஸ்பெகெட்டியோடு சேர்த்துப் பிடிப்பது அந்தக் கஞ்சித் தண்ணீர்தான். அதனால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வைக்காதீர்கள், மாவுச்சத்து நீர்த்துப்போகும். உப்பு, தலை தட்டி ஒரு மேசைக்கரண்டி. பாக்கெட்டில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் 8 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். இறக்கிவைத்த பூண்டெண்ணெயில் 100 மில்லி கஞ்சித் தண்ணீர் விட்டு, ஸ்பெகெட்டியைப் போட்டு, மறுபடி அடுப்பிலேற்றி நல்ல தீயில் இரண்டு நிமிடம் விடாமல் புரட்டுங்கள். வாணலியைச் சாய்த்துப் பாருங்கள்: எண்ணெய் தனியாக ஓடாமல், வெளுத்த சாறாகக் கொழகொழவென்று நகர்ந்தால் அதுதான் பதம். இறுகிவிட்டால் இன்னும் இரண்டு கரண்டி கஞ்சித் தண்ணீர்.

ஆலிவ் எண்ணெய் விலை கட்டாது என்றால் பாதிக்குப் பாதி சூரியகாந்தி எண்ணெய் கலக்கலாம். செக்குக் கடலை எண்ணெய் மட்டும் வேண்டாம். நம்மூர் மீன் குழம்பு நூடுல்ஸான மொஹிங்காவுக்கு அந்த வாசனை அழகு. இங்கே பூண்டை அமுக்கிவிடும்.

கேள்வி: தாய்லாந்துப் பச்சைக் கறியில் எண்ணெய் மிதக்கவே மாட்டேன் என்கிறது. பாக்கெட் தேங்காய்ப்பால்தான் ஊற்றுகிறேன்.
– வாசகர், மோல்மேன்

பதில்: தேங்காய்ப்பால் நூடுல்ஸான ஒன்னோ கௌசுவேயில் பால் திரியாமல் காத்துக் காத்துப் பழகிய கை நமக்கு. இந்தக் கறிக்கோ முதலில் பிரிந்தே ஆக வேண்டும். கெட்டியான முதல் பால் 200 மில்லியை நடுத்தரத் தீயில் ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டால் நீர் வற்றி எண்ணெய் கக்கும். அதிலேயே 2 மேசைக்கரண்டி மசாலா விழுதை வாசம் வரும்வரை வதக்கி, பிறகு இரண்டாம் பாலை ஊற்றுங்கள். பாக்கெட்டில் 'எமல்சிஃபையர்' (எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் பொருள்) என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பால் லேசில் பிரியாது. அதோடு மல்லுக்கட்டாமல் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் விழுதை வதக்கிவிடுங்கள்.

கேள்வி: சீனத்து மாப்போ தோஃபு (சோயாக்கட்டி போட்ட காரக் குழம்பு) எனக்கு மட்டும் கூழாகிறது.
– வாசகி, பகோ

பதில்: மஞ்சள் 'தோஹு' வாங்கினீர்களா? அது கடலை மாவைக் கிண்டி உறையவைத்தது. பொரிக்க அருமை, குழம்பில் கரையும். சோயாவில் செய்த வெள்ளை 'பேப்யா' கேட்டு வாங்குங்கள். முக்கால் அங்குலத் துண்டுகளாக்கி, கொதிக்காத, சூடான உப்புத் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்தால் கொஞ்சம் இறுகும். குழம்பில் சேர்த்தபின் கரண்டி போடாதீர்கள், வாணலியை மெல்லக் குலுக்கினால் போதும்.