புகையூட்டிய சால்மனை வறுக்க வேண்டுமா? கிறிஸ்துமஸ் காலைக்கு எளிய சிறு பண்டங்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். சென்னையில் வேலை பார்க்கும் மகன், புகையூட்டிய சால்மன் மீனில் 200 கிராம் உறைநிலைப் பொட்டலங்கள் இரண்டை நெல்லை எக்ஸ்பிரஸில் கொண்டுவருகிறான். 24ஆம் தேதி காலையில் வந்து சேருவான். மறுநாள் அதிகாலை ஆராதனை முடிந்ததும் உறவினர் இருபது பேர் வீட்டுக்கு வருவார்கள். இந்த மீனை வறுப்பதா, அப்படியே தருவதா? கேக், முந்திரிக்கொத்துடன் சேர்த்து வைக்கச் சுலபமாக என்ன செய்யலாம்? வருகிறவர்களில் 76 வயதான என் மாமியாரும், ஏழு மாதக் கர்ப்பிணியான மகளும் இருக்கிறார்கள்.

பதில்: வறுக்க வேண்டாம், சகோதரி. பொதுவாக இப்பொட்டலங்களில் வருவது, உப்பில் ஊறவைத்து, 30 டிகிரி செல்சியஸுக்கு மிகாத குளிர்ந்த புகையில் வைத்தெடுத்த மீன். புகையின் மணம் ஏறியிருக்குமே தவிர, சதை வேகாது. நம் பக்கத்து மாசியும் புகை கண்ட மீன்தான் என்றாலும், அது சூரையை வேகவைத்து, புகையில் காட்டி, வெயிலில் கல்லாகக் காயவைத்தது. இடித்துத்தான் சம்பலுக்குப் போடுகிறோம். சால்மனோ பட்டுத்துணி போல மெல்லிய ஏடுகளாக, ஒளி ஊடுருவும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். எண்ணெயில் போட்டால் அந்த மென்மையும் நிறமும் போய், உப்பு மட்டும் தூக்கலாக நிற்கும். தடித்த துண்டாக, விரலால் தொட்டால் உதிர்வதாக இருந்தால் அது சூடான புகையில் வெந்த வகை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மீன் கடைகளில் ‘இந்தியன் சால்மன்’ என்று எழுதி விற்பது நம் காலா மீன். அதற்கும் சால்மனுக்கும் உறவில்லை. மீன் போதாது என்று காலாவை வாங்கி மெல்லியதாகச் சீவி இத்துடன் சேர்த்துவிடாதீர்கள். அது குழம்புக்கும் பொரிப்பதற்கும் உரியது.

முதல் கவலை ரயில் பயணம்தான். ஓர் இரவு முழுவதும் தாங்கும் அளவுக்குத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸை நிறைத்து, பொட்டலங்களை அதன் நடுவில் புதைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் ஐஸ் மிச்சமிருந்து, மீனும் விறைப்பாகவோ நல்ல குளிர்ச்சியாகவோ இருந்தால் கவலையில்லை. ஐஸ் முழுவதும் உருகி, பொட்டலம் வெதுவெதுப்பாக இருந்தால், எத்தனை விலை கொடுத்திருந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். நல்ல நிலையில் வந்த பொட்டலத்தின் ஓரத்தை உடனே கத்தரித்து, ஒரு தட்டில் வைத்து மூடி, குளிர்சாதனப் பெட்டியின் மிகக் குளிர்ந்த தட்டில் வையுங்கள். காற்று நீக்கி அடைத்த பொட்டலத்துக்குள் மீன் இளகும்போது, காற்றில்லா இடத்தில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் என்ற கிருமிக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. அதில் ஒரு வகை 3 டிகிரி சொச்சத்திலேயே வளரக்கூடியது. அதனால்தான் அந்தக் கத்தரிப்பு. வெந்நீரிலோ அடுப்பங்கரை மேடையிலோ வைத்து இளக்கக் கூடாது.

இருபது பேருக்கு 400 கிராம் தாராளம். ஒரு வாய்க்கு எட்டு ஒன்பது கிராம் மீன் போதும். மாமியாரும் மகளும் நீங்கலாக ஆளுக்கு இரண்டு துண்டு வைத்த பிறகும், அவர்கள் இருவருக்கும் தனியாகச் சமைத்துத் தர 75 கிராமாவது மிஞ்சும்.

அடியில் வைக்க நான் சிபாரிசு செய்வது குட்டித் தோசை. ரஷ்யாவில் பிளினி என்ற சிறிய புளித்த மாவு அப்பத்தின் மேல் இதுபோன்ற மீனை வைத்துத் தின்பார்கள். நம் தோசை மாவும் அந்த வேலையை அழகாகச் செய்யும். அதிகம் புளிக்காத மாவில் வழக்கமான உப்பில் பாதி மட்டும் போட்டு, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஊத்தப்பங்களாக, எண்ணெய் தடவினோம் என்ற பெயருக்குத் தடவிச் சுட்டெடுத்து, துணியால் மூடி முழுவதும் ஆறவிடுங்கள். சூட்டோடு மீனை வைத்தால் அதன் கொழுப்பு உருகி வழியும். தோசை வேண்டாதவர்களுக்கு வெள்ளரிக்காய் வில்லைகள் போதும். நாட்டு வெள்ளரி நீர் விடும் என்பதால், விதைப் பகுதி பெருத்த காயைத் தவிர்த்து, அரைவிரல் கனத்தில் நறுக்கித் துணியில் ஒற்றி எடுங்கள். அப்பளத்தின் மேல் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சில நிமிடங்களில் நமத்துப் போகும், எனக்கு அதில் உடன்பாடில்லை.

மீனுக்கும் தோசைக்கும் இடையே பூச கிரீம் சீஸ் தேடி அலைய வேண்டாம். அரை லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, 24ஆம் தேதி இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே வடியவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் புளித்துவிடும். காலையில் வெண்ணெய் பதத்தில் கிடைப்பதோடு பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளையும், ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகையும் கலந்தால் போதும். உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம், மீனிலேயே இருக்கிறது. மேல்நாட்டில் இதற்குச் சதகுப்பைத் தழை போடுவார்கள்; கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குறையில்லை. மிளகாய்த்தூளையும் மசாலாவையும் மட்டும் கிட்டவே கொண்டுவராதீர்கள்.

மீன் ஏட்டை இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி, ஒரு முனையிலிருந்து தளர்வாகச் சுருட்டி, மேல் ஓரத்தை நுனிவிரலால் வெளியே மடித்துவிட்டால் ரோஜா மொட்டுப் போல நிற்கும். நடுவில் இரண்டு மாதுளை முத்தும், பக்கத்தில் ஒரு மல்லியிலையும் வைத்தால் சிவப்பும் பச்சையுமாகப் பண்டிகைக்களை வந்துவிடும். தோல் பக்கமாக ஓடும் பழுப்பு நிறக் கீற்று கெட்டுப்போனது அல்ல, வாசம்தான் சற்றுத் தூக்கலாக இருக்கும். அதைச் சீவி மாமியாருக்கும் மகளுக்கும் சமைக்கும் பங்கில் சேர்த்துக்கொள்ளலாம். எலுமிச்சையை, அது புளியங்குடிப் பழமே ஆனாலும், பரிமாறும் நொடிக்கு முன் பிழியாதீர்கள். புளிப்புப் பட்ட இடமெல்லாம் மீன் வெளுத்துவிடும்.

ஆராதனைக்குப் புறப்படுமுன் எல்லாவற்றையும் அடுக்கிவைத்துவிடலாம் என்ற எண்ணம் வரும். நானும் ஒரு வருடம் அப்படிச் செய்து, அலங்கரித்த தட்டை மேசையிலேயே விட்டுப் போய், திரும்பி வந்து பார்த்தபோது வெள்ளரி விட்ட தண்ணீரில் மீன் மிதந்ததைக் கண்டு, அத்தனையையும் குப்பையில் போட்டேன். புறப்படுமுன் தோசையைச் சுட்டு வையுங்கள். மீனைச் சுருட்டி மூடிய பாத்திரத்தில் குளிரில் வையுங்கள். திரும்பி வந்த பிறகு அடுக்கினால் இருவருக்குக் கால் மணி நேர வேலைதான். பரிமாறும் தட்டை ஐஸ் பரப்பிய தாம்பாளத்தின் மேல் வைத்து, பாதியை முதலிலும் மீதியைப் பின்னரும் கொண்டுவாருங்கள். நம் ஊர் வெக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே இருந்ததை யாருக்கும் தர வேண்டாம்.

மாமியாருக்கும் மகளுக்கும் இந்த மீனைச் சமைக்காமல் தரவே கூடாது; வெந்த வகையாக இருந்தாலும் இதுவே விதி. லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் பெருகும். மணத்தையோ நிறத்தையோ மாற்றாது. தாய்க்கு லேசான காய்ச்சலோடு போனாலும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தாக முடியக்கூடும். 74 டிகிரிச் சூடு ஏறினால் அது அழிந்துவிடும். ஆகவே ஒதுக்கிய மீனைப் பொடியாக நறுக்கி, நான்கு முட்டை, வெங்காயத்தாள், மிளகோடு அடித்து, பணியாரக் கல்லில் ஊற்றி, இரு பக்கமும் திருப்பிப்போட்டு, நடுவில் ஈரப்பசை இல்லாமல் வேகும்வரை விட்டு, ஆவி பறக்கப் பரிமாறுங்கள். அவர்கள் இருவருக்கும் தட்டும் இடுக்கியும் தனியாக இருக்கட்டும். மற்றவர்களும் கேட்பார்கள் என்பதால் முட்டை கூடுதலாக வாங்கி வையுங்கள்.