முதியோர் கண் நலம்: மங்கும் பார்வைக்கு வயது மட்டுமே காரணமா?

அறுபது வயதைக் கடந்தவர்களின் கண்களைப் பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றை எழுதுகிறவர்கள் அந்தப் பெரியவர்கள் அல்லர். அவர்களுடைய பிள்ளைகளும் மருமகள்களும்தான். பார்வை குறைவதை வயதின் கணக்கில் எழுதிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் சமாளித்துக்கொண்டிருக்கும் முதியவர்கள் நம் வீடுகளில் மிகுதி. காரணம் இன்னதென்று தெரிந்த பிறகுதான் அது சரிசெய்யக்கூடியதா, தடுத்து நிறுத்தக்கூடியதா என்று சொல்ல முடியும் என்பதால், சில கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

என் தந்தைக்கு 71 வயது. இருபது ஆண்டுகளாக வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படிக்க முடியாதவர், சில மாதங்களாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டே படிக்கிறார். பார்வை திரும்பிவிட்டது என்று மகிழ்கிறார். ஆனால் எதிரே வருகிறவர் யாரென்று அருகில் வரும் வரை தெரியவில்லை என்கிறார். இது எப்படி? (கும்பகோணம்)

உங்கள் தந்தைக்குப் பார்வை திரும்பவில்லை; அநேகமாகக் கண்புரை தொடங்கியிருக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸின் நடுப்பகுதி வயது ஏற ஏற இறுகிப் பழுப்பேறும்போது, ஒளியை வளைக்கும் அதன் திறன் கூடிவிடுகிறது. அதனால் கண் கிட்டப்பார்வைக் கண்ணாக மாறி, பக்கத்தில் இருக்கும் எழுத்து கண்ணாடி இல்லாமலே தெளிவாகத் தெரிய, தொலைவில் உள்ளவை மங்கிப்போகின்றன. இந்த வசதி நீடிப்பதில்லை. லென்ஸ் மேலும் மங்கும்போது பக்கத்தில் உள்ளவையும் தெளிவாகத் தெரியாமல் போகும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கொளி சிதறிக் கண் கூசுவதும், கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வேறுபாடு தெரியாமல் போவதும் இதே கண்புரையின் அடையாளங்கள்.

புரை 'முற்றட்டும்' என்று காத்திருக்க வேண்டியதில்லை. லென்ஸை முழுதாக வெளியே எடுத்து, பல தையல்கள் போட்டு, தடித்த கண்ணாடி கொடுத்தனுப்பிய காலத்தில் அந்த அறிவுரைக்குப் பொருள் இருந்தது. 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி கண்ணுக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்திக் காட்டினார்; 1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் ஒலியதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். இன்று மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான திறப்பு வழியாகத் தையலின்றி இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. மிக முற்றிய புரை கல்லைப் போல இறுகி அறுவை சிகிச்சையைக் கடினமாக்குவதோடு, சிலருக்கு வீங்கியோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பையே கெடுத்துவிடவும் கூடும். எனவே, அன்றாட வேலைகளுக்குப் பார்வை தடையாகத் தொடங்கும்போதே அறுவை சிகிச்சை செய்துகொள்வது நல்லது. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று விற்கப்படும் எதற்கும் அந்த ஆற்றல் இல்லை.

செலவை எண்ணித் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை சிகிச்சை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. 1976-இல் டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற நிறுவனங்களிலும் ஏழைகளுக்கு இலவசப் பிரிவு உண்டு. அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஆரோலேப் 1992-இல் மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியபின் விலை வெகுவாகக் குறைந்தது. பக்கத்தையும் தொலைவையும் ஒருங்கே காட்டும், விலை கூடிய 'மல்டிஃபோக்கல்' லென்ஸ்தான் சிறந்தது என்று எண்ணிக் கடன் வாங்க வேண்டாம். விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ குறை உள்ளவர்களுக்கு அது பொருந்துவதே இல்லை. மற்றவர்களிலும் சிலருக்கு இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸும் படிப்பதற்கு ஒரு கண்ணாடியும் பெரும்பாலோருக்குப் போதும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். உங்கள் தந்தை புராஸ்டேட் வீக்கத்துக்காக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், முன்பு சாப்பிட்டு நிறுத்தியவராக இருந்தாலும்கூட, அதை அறுவை சிகிச்சைக்கு முன்பே கண் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அம்மாத்திரை கருவிழியின் தசையைத் தளர்த்துவதால் அறுவை சிகிச்சையின்போது கண்ணின் பாப்பா (கருவிழியின் நடுவிலுள்ள துளை) சுருங்கிவிடக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ற ஏற்பாட்டுடன் இருப்பார்.

கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பின் எப்போது தலைக்குக் குளிக்கலாம்? (நாகர்கோவில்)

முதல் இரண்டு வாரங்களுக்குக் கண்ணுக்குள் தண்ணீரோ சோப்போ போகக் கூடாது என்பதுதான் விதி. கழுத்துக்குக் கீழே குளிப்பதற்குத் தடையில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைச் சொட்டு மருந்து முடியும் வரை, அதாவது ஏறத்தாழ ஆறு வாரம், ஒத்திப்போடலாம். இடையில் வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, பார்வை குறைந்தாலோ மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் அன்றே செல்ல வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் புரை எடுத்த கண்ணில் மீண்டும் மங்கல். புரை திரும்ப வளர்ந்துவிட்டதா? (சேலம்)

எடுத்த புரை மீண்டும் வளராது. செயற்கை லென்ஸைத் தாங்கி நிற்கும் மெல்லிய உறை சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வெளுத்துவிடும். யாக் லேசரால் அந்த உறையின் நடுவில் ஒரு சிறு திறப்பு உண்டாக்கினால் பார்வை தெளிந்துவிடும். சில நிமிடங்களில் முடிந்து, அன்றே வீடு திரும்பலாம். ஆனால் மங்கலுக்கு விழித்திரை காரணமாக இருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

என் அம்மாவுக்கு 66 வயது. பலகையில் கடைசி வரி வரை படிக்கிறார். கண் அழுத்தமும் 18 தான். ஆனாலும் கிளகோமா என்று சொல்லி வாழ்நாள் முழுவதும் சொட்டு மருந்து போடச் சொல்கிறார்கள். நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு எதற்கு மருந்து என்று அம்மா கேட்கிறார். எனக்கும் அதே ஐயம். (திருநெல்வேலி)

உங்கள் அம்மாவின் கேள்வி நியாயமானது. இந்தக் கேள்விக்குச் சரியான விளக்கம் கிடைக்காததால் மருந்தை நிறுத்தி, திரும்பப் பெற முடியாத அளவுக்குப் பார்வையை இழந்தவர்கள் பலர் என்பதால் பொறுமையாகச் சொல்கிறேன்.

கிளகோமா பார்வை நரம்பின் நோய். அது பெரும்பாலும் ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும். நேர்ப் பார்வை கடைசி வரை எஞ்சியிருக்கும். பலகையில் உள்ள எழுத்துகளைப் படிப்பது நேர்ப் பார்வையின் வேலை மட்டுமே. எனவே கடைசி வரியைப் படிக்கிற கண்ணிலும் நரம்பில் கணிசமான பகுதி ஏற்கெனவே அழிந்திருக்கக்கூடும். ஒரு கண் விட்ட இடத்தை மறு கண் நிரப்பிவிடுவதால் நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை. வாசற்படியில் அடிக்கடி இடறுவதையும், பக்கத்தில் வந்த சைக்கிளைக் கவனிக்காமல் போவதையும் வீட்டார் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அழுத்தம் 10 முதல் 21 வரை இயல்பு என்பது மக்கள்தொகையின் சராசரிக் கணக்கு. ஒருவருடைய நரம்புக்கு எது தாங்கும் என்பதை அது சொல்லாது. 18-இலேயே நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. 24 இருந்தும் கெடாதவர்களும் உண்டு. கருவிழியின் மேலுள்ள ஒளிபுகு படலம் மெல்லியதாக இருந்தால் கருவி உண்மையான அழுத்தத்தைக் குறைத்துக் காட்டவும் செய்யும். ஆகவே நரம்பின் தோற்றம், நரம்பிழைகளின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேன், ஓரப் பார்வையை அளக்கும் புலப் பரிசோதனை ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இம்மூன்றும் உங்கள் அம்மாவுக்குச் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். ஐயம் இருந்தால் இன்னொரு மருத்துவரிடம் அந்த அறிக்கைகளுடன் செல்லுங்கள். அதுவரை மருந்தை மட்டும் நிறுத்த வேண்டாம்.

மருந்து போட்டபின் பார்வை கூடவில்லையே என்று பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். இந்த மருந்து போன பார்வையைத் தராது, இருப்பதைக் காக்கும். அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தாலோ நாடித்துடிப்பு குறைவாக இருந்தாலோ அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். டிமோலால் வகைச் சொட்டு மருந்து மூச்சுத்திணறலையும் இதயத்துடிப்புக் குறைவையும் உண்டாக்கக்கூடியது. பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும், ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுதல். எனவே நாற்பதைத் தாண்டியிருந்தால் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து வேறுபட்ட, திடீரென்று தாக்கும் வகையும் ஒன்று உண்டு. ஒரு கண்ணில் கடும் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், தலைவலி, வாந்தி எல்லாம் ஒன்றாக வரும். வாந்தியைப் பார்த்துப் பித்தம் என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ எண்ணி ஓரிரவு கடத்தினாலும் பார்வை போய்விடலாம்.

எனக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்து, பவர் மட்டும் மாறியிருக்கிறது என்றார்கள். மூன்று மாதத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றிவிட்டேன். (திருச்சி)

இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது லென்ஸின் நீர்ச்சத்தும் வடிவமும் மாறி, கண்ணாடியின் பவரும் மாறும். சர்க்கரை சில வாரங்கள் சீராக நின்றபின் எடுத்த அளவே நிலைக்கும். ஆனால் உங்கள் கவலை பவரைப் பற்றியதாக இருக்கக் கூடாது. கண்ணாடிக் கடையில் உள்ள அந்தக் கருவி விழித்திரையைப் பார்ப்பதில்லை. பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை, சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட நாளிலும் அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் செய்யப்பட வேண்டியது. இரத்தக் கசிவு தொடங்கிய விழித்திரையிலும் பார்வை நன்றாகவே இருக்கும். லேசரும் ஊசி மருந்தும் நன்கு பலன் தருவது அந்தக் கட்டத்தில்தான். பரிசோதனையன்று சில மணி நேரம் கண் கூசும் என்பதால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வண்டி ஓட்ட வேண்டாம்.

83 வயதான என் மாமியாருக்கு விழித்திரை நடுப்பகுதித் தேய்வால் பார்வை மிகக் குறைவு. மாலை நேரத்தில் முற்றத்தில் பாவாடை கட்டிய சிறு பிள்ளைகள் நிற்பதாகவும், சுவரெல்லாம் பூக்கோலம் தெரிவதாகவும் சொல்கிறார். மற்றபடி நினைவு தெளிவாக இருக்கிறது. மந்திரிக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். (தஞ்சாவூர்)

மந்திரிக்க வேண்டியதில்லை; மனநோய் என்று அஞ்சவும் வேண்டாம். கண்ணிலிருந்து வரும் செய்தி குறையும்போது, மூளையின் பார்வைப் பகுதி தானாகவே உருவங்களை உண்டாக்கிக்கொள்வது உண்டு. சுவிட்சர்லாந்தின் இயற்கை அறிஞர் சார்லஸ் போனே, பார்வை மங்கிய தம் பாட்டனார் கண்ட உருவங்களைப் பற்றி 1760-இல் எழுதினார். அவர் பெயராலேயே இது இன்று அழைக்கப்படுகிறது. இந்த உருவங்கள் பேசுவதில்லை. காண்பவருக்கும் அவை மெய்யல்ல என்று விரைவில் புரிந்துவிடுகிறது. தாம் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள் என்ற அச்சமே உங்கள் மாமியாருக்குப் பெரிய துன்பம். "கண்ணால் வருவதுதான் அத்தை, உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று நீங்கள் அவரிடம் சொல்லும் ஒரு சொல் பெரிய ஆறுதலாக இருக்கும். உருவம் தெரியும்போது விளக்கைப் போடுவது, பார்வையை இடமும் வலமும் வேகமாகத் திருப்புவது, கண்களைச் சில முறை இமைப்பது ஆகியவற்றால் அது பெரும்பாலும் மறையும். குரல்கள் கேட்டாலோ, காய்ச்சலுடன் குழப்பம் இருந்தாலோ, புதிய மருந்து தொடங்கியபின் வந்திருந்தாலோ பொதுநல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் வீட்டில் மற்ற பெரியவர்கள் இருந்தால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பு மறு கண்ணால். நேரான கம்பி வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் அந்த வாரமே விழித்திரை மருத்துவரிடம் செல்ல வேண்டும். கசிவுள்ள வகைத் தேய்வை ஊசி மருந்தால் கட்டுப்படுத்த முடியும். தாமதத்தால் உண்டாகும் தழும்பை ஒன்றும் செய்ய முடியாது.

கண்ணில் எந்நேரமும் நீர் வடிகிறது. நந்தியாவட்டைப் பூச்சாறு விடலாமா? (பொள்ளாச்சி)

விட வேண்டாம். பூச்சாறு, தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் கண்ணில் விடத்தக்க தூய்மையுடையதன்று. கண்ணின் மேற்படலத்தில் சிறு கீறல் இருந்தாலும் அவற்றிலுள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும் புண்ணை உண்டாக்கிவிடும். வெப்பமான நம் ஊர்களில், குறிப்பாக நெல் உமியோ இலையோ பட்டபின் வரும் பூஞ்சைப் புண் கண்ணையே பறிக்கக்கூடியது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு அதை இன்னும் கெடுக்கும்.

நீர் வடிவதற்குக் கண் வறட்சியே காரணமாக இருக்கலாம். வறண்ட கண் எரிச்சலால் மிகையாக நீரைச் சுரக்கும். அப்படியானால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இமைகளுக்கு ஒத்தடம், செயற்கைக் கண்ணீர், மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படாமல் படுப்பது ஆகியவை உதவும். மூக்கோரம் அழுத்தினால் சீழ் வந்தால் அது கண்ணீர்ப் பை அடைப்பு. அதற்கு அறுவை சிகிச்சை வேண்டும்.

கண்முன் கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகள். கவலைப்பட வேண்டுமா? (சென்னை)

ஆண்டுக்கணக்கில் உள்ள ஓரிரு புள்ளிகளுக்குக் கவலை வேண்டாம். திடீரெனப் பல புள்ளிகள், இருட்டில் மின்னல் வெட்டு, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போன்ற நிழல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விழித்திரை கிழிந்திருக்கலாம். அன்றே செல்லுங்கள்.

கை நடுக்கத்தால் சொட்டு மருந்து கன்னத்தில்தான் விழுகிறது. தனியாக வசிக்கிறேன். (புதுச்சேரி)

மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். கீழிமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து, குப்பி பிடித்த கையின் மணிக்கட்டை நெற்றியில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் குறையும். அதுவும் முடியாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு, மூக்கோரமுள்ள கண் மூலையில் ஒரு சொட்டு விட்டு, தலையை அசைக்காமல் கண்ணைத் திறங்கள்; மருந்து தானே உள்ளே இறங்கும். குப்பியின் நுனி இமையிலோ விரலிலோ படக் கூடாது. ஒரு சொட்டே போதும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் விரலால் மெல்ல அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்துகள் இருந்தால் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். சரியாக விழுந்ததா என்று ஐயமாக இருந்தால் இன்னொரு சொட்டு விடுவதில் தவறில்லை. குப்பியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதி வைத்து, நான்கு வாரம் ஆனதும் மருந்து மிச்சமிருந்தாலும் புதியதை வாங்கிக்கொள்ளுங்கள்.