செயின்சா எகிறுவது ஏன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, கீழே விழுந்து கிடந்த மரத்தின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தபோது செயின்சா திடீரென்று என் முகத்தை நோக்கி எகிறியது. செயின் தானாகவே நின்றுவிட்டதால் தப்பித்தேன். இயந்திரத்தில் ஏதேனும் பழுது இருக்குமா?

பதில்: இயந்திரத்தில் பழுது இருந்ததாகத் தெரியவில்லை. அது சரியாக இருந்ததனால்தான் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுத முடிந்தது. செயின் சுற்றி ஓடுகின்ற நீண்ட தகட்டை ‘பார்’ என்கிறோம். அதன் மேல்விளிம்பில் செயின் முன்னோக்கி ஓடி, நுனியில் வளைந்து கீழிறங்கி, அடிவிளிம்பில் நம்மை நோக்கித் திரும்புகிறது. ஆகவே அடிவிளிம்பால் அறுக்கும்போது இயந்திரம் மரத்தை நோக்கி இழுக்கும். மேல்விளிம்பால் அறுக்கும்போது நம்மை நோக்கித் தள்ளும். இவ்விரண்டையும் கை விரைவில் பழகிக்கொள்ளும். ஆபத்து இருப்பது நுனியின் மேல்பாதியில். அந்த இடம் எதன்மீதாவது பட்டால், பல் தன்னால் செதுக்கக்கூடிய அளவைவிட ஆழமாக மரத்தைக் கவ்விச் சிக்கிக்கொள்ளும். செயினை ஓட்டிக்கொண்டிருந்த விசை முழுவதும் அக்கணமே பாரை மேலும் பின்னுமாகச் சுழற்றிவிடும். இது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடுவதால், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் பார்த்துச் சுதாரித்துக்கொள்ள முடியாது. நீங்கள் அறுத்துக்கொண்டிருந்த கிளைக்குப் பின்னால் மறைந்திருந்த வேறொரு கிளையிலோ தண்டிலோ நுனி பட்டிருக்க வேண்டும்.

செயினை நிறுத்தியது முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் காப்புத் தகட்டோடு இணைந்த பிரேக். எகிறும்போது உங்கள் இடது மணிக்கட்டு அத்தகட்டில் மோதியிருக்கலாம். மோதாவிட்டாலும், வேகமான உதறலில் தகடு தன் எடையினாலேயே முன்னால் சாய்ந்து பிரேக்கைப் பிடிக்கும்படிதான் இப்போதைய இயந்திரங்களில் அமைத்திருக்கிறார்கள். இந்த பிரேக்கை ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும். இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து முழு வேகத்தில் ஓடவிட்டு, இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காமலேயே மணிக்கட்டால் தகட்டை முன்னால் தள்ளுங்கள். செயின் உடனே நிற்க வேண்டும். நின்றவுடன் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பிரேக் பிடித்த நிலையில் தொடர்ந்து முறுக்கினால் கிளட்ச் சூடேறிக் கருகிவிடும். செயின் தயங்கி நின்றாலோ நழுவி ஓடினாலோ, அன்றைக்கு அந்த இயந்திரத்தால் ஒரு சுள்ளியைக்கூட அறுக்க வேண்டாம்.

பிரேக் கடைசிக் காவல்தான். முதற்காவல் பிடியும் நிற்கும் நிலையும். இடது கையின் பெருவிரல் முன்கைப்பிடியின் அடியாகச் சுற்றி வளைந்திருக்க வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து மேலே வைத்துப் பிடிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும், ஏனென்றால் எகிறும்போது அந்தப் பிடி கழன்றுவிடும். தலையும் கழுத்தும் பாரின் நேர்க்கோட்டில் இல்லாதபடி சற்று இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது, ஏணிமேல் நின்றும் அறுக்கக் கூடாது. மரத்தைத் தொடுவதற்கு முன்பே செயின் முழு வேகத்தை அடைந்திருக்க வேண்டும். பாரின் நுனி எங்கே இருக்கிறது என்பது அறுத்து முடிக்கும்வரை உங்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

தலைக்கவசம், முகத்திரை, காதடைப்பு, முனையில் இரும்பு வைத்த காலணி ஆகியவற்றோடு, செயின்சாவுக்கென்றே தைக்கப்பட்ட கால்சட்டையையும் அணியுங்கள். அதனுள் நீண்ட இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் பட்டதும் அவை பிய்ந்து வந்து பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு ஓட்டத்தை நிறுத்திவிடும். சாதாரணத் தடித்த துணி எதுவும் இதைச் செய்யாது. ஒருமுறை வெட்டுப்பட்ட கால்சட்டையைத் தைத்து மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: புதிய செயின் மாட்டி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அழுத்தினால்தான் அறுக்கிறது, அதுவும் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகிறது. செயினை மாற்றிவிட வேண்டியதுதானா?

பதில்: மாற்ற வேண்டாம்; தீட்டினால் போதும். செயினின் ஆயுளை வாரக் கணக்கில் அளக்க முடியாது. மண் அப்பிய மரப்பட்டையை அறுத்தாலோ, கட்டையை அறுத்து முடிக்கும்போது நுனி ஒரு நொடி தரையில் உரசினாலோ, காலையில் தீட்டிய கூர் அப்போதே போய்விடும். கூர் இருக்கிறதா என்பதை மரத்தூளே சொல்லிவிடும். கூரான செயின் சிறு சீவல்களாக வாரி இறைக்கும், மழுங்கியது மாவுபோல் பொடியைத் தள்ளும். அந்த மாவைக் கண்டவுடன் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூர் போன செயினோடு மனிதர் தம் உடல் எடையைச் சேர்த்து அழுத்தத் தொடங்குகிறார். அழுத்தும்போது நிலை தவறுகிறது, கை சோர்கிறது, வெட்டு திடீரென்று முடியும் இடத்தில் ரம்பம் காலை நோக்கிச் சரிகிறது. மழுங்கிய செயினால் யாரையும் வெட்டாது என்று நினைப்பது பெரும் பிழை.

வெட்டு வளைவதற்குக் காரணம், ஒரு பக்கத்துப் பற்கள் மறுபக்கத்தைவிடக் குட்டையாகவோ மழுங்கியோ இருப்பது. கூர் மிகுந்த பக்கத்தை நோக்கி வெட்டு போகும். பாரின் தண்டவாளம் போன்ற விளிம்புகளில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இப்படி நேரலாம் என்பதால், தீட்டிய பிறகும் வளைந்தால் பாரைக் கழற்றிப் பாருங்கள்.

தீட்டுவதற்கு உருண்டை அரம் வேண்டும், அதன் தடிமன் செயினுக்குப் பொருந்த வேண்டும். 0.325 அங்குலச் செயினுக்குப் பெரும்பாலும் 4.8 மில்லிமீட்டர் அரமும், 3/8 அங்குலச் செயினுக்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர் அரமும், சிறிய இயந்திரங்களில் வரும் தாழ்வான 3/8 அங்குலச் செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரமும் பயன்படும்; உங்கள் செயினுக்கு எது என்பதைக் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தி, பாரை அசையாமல் பிடிப்பில் இறுக்கி, கையுறை அணிந்து தொடங்குங்கள். முதலில் எல்லாப் பற்களையும் பார்த்து மிகக் குட்டையானதைக் கண்டுபிடியுங்கள். மற்றவை அனைத்தும் அதன் நீளத்துக்கு வர வேண்டும். பெரும்பாலான செயின்களுக்குக் கோணம் 30 பாகை. பல்லின் மேல் சாய்வாகப் போட்டிருக்கும் மெல்லிய கோடு இதற்கு வழிகாட்டும். அரத்தைப் பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளும்போது மட்டும் அழுத்தம் கொடுங்கள், திருப்பி இழுக்கும்போது பல்லைத் தொடாமல் தூக்கிவிடுங்கள். ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கத்துக்குத் திரும்பி, ஒவ்வொன்றுக்கும் அதே எண்ணிக்கையில் இழுப்புகள் கொடுங்கள். பல்லின் முனையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மழுங்கிய இடத்தில் மெல்லிய வெள்ளிக் கோடு மின்னும். சரியாகத் தீட்டப்பட்ட முனையில் ஒளி தங்க இடமே இராது.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சிறு மேடு ஒன்று நிற்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். அது பல்முனையைவிடப் பொதுவாக 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். தீட்டத் தீட்டப் பல் தாழ்வதால், மூன்று நான்கு முறை தீட்டியபின் அளவுத்தகடு வைத்து அந்த மேட்டையும் தட்டை அரத்தால் குறைக்க வேண்டும். வேகமாக அறுக்கும் என்ற ஆசையில் அதிகமாகக் குறைத்துவிட்டால், முதல் வாசகருக்கு நேர்ந்த எகிறலை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள். பல்லின் மீதுள்ள தேய்மானக் குறி வரை தீட்டிவிட்ட பிறகுதான் புதிய செயின் வாங்க வேண்டும்.

இறுக்கத்தையும் கவனியுங்கள். செயின் குளிர்ந்திருக்கும்போது பாரின் அடியில் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும், அதேவேளையில் கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். வேலையில் சூடேறி நீண்ட செயினை இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். குளிர்ந்து சுருங்கும்போது அது எஞ்சின் தண்டையும் தாங்கியையும் இழுத்துக் கெடுக்கும்.

கேள்வி: வண்டியிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் ஆயிலைச் செயினுக்கு ஊற்றலாமா?

பதில்: கூடாது. அதில் உலோகத் துகள்கள் இருக்கும். தோலில் படுவதும் தெறிக்கும் துளிகளை மூச்சில் இழுப்பதும் உடலுக்குக் கேடு. செயினுக்கான ஆயில், சுழலும்போது சிதறிப் போகாமல் ஒட்டிக்கொள்ளும்படி தயாரிக்கப்பட்டது. ஆயில் வருகிறதா என்று பார்க்க, வெளிறிய மரக்கட்டை ஒன்றுக்கு ஒரு சாண் தள்ளிப் பாரின் நுனியைக் காட்டி வேகத்தைக் கூட்டுங்கள்; கட்டையின்மேல் மெல்லிய ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லையென்றால் பாரின் ஆயில் துளையும் காடியும் அடைத்திருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து, அப்படியே பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிவிடுங்கள், இரு விளிம்புகளும் சமமாகத் தேயும்.

கேள்வி: ஆயில் கலந்த பெட்ரோல்தான் ஊற்றினேன். இருந்தும் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. என்ன காரணம்?

பதில்: பல ஆண்டுகளுக்கு முன் என் பணிமனையில் ஒரே நிறமுள்ள இரண்டு கேன்கள் அருகருகே இருந்தன, ஒன்றில் கலந்த பெட்ரோல், மற்றொன்றில் கலக்காதது. உதவிக்கு வந்தவர் தவறான கேனை எடுத்து ஊற்றிவிட்டார். சிறிது நேரத்தில் எஞ்சின் கீச்சிட்டு நின்றது. பிரித்துப் பார்த்தபோது, புகை வெளியேறும் பக்கத்தில் பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை நகத்தால் கீறியதுபோல் வரிவரியாகச் சிதைந்திருந்தது. அன்று முதல் கலந்த கேனின் கழுத்தில் தேதி எழுதிய அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுகிறேன்.

உங்கள் எஞ்சினிலும் அளவையே முதலில் சந்தேகிக்க வேண்டும். 50:1 என்று குறிப்பிட்டிருந்தால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லிலிட்டர் ஆயில், 25:1 என்றால் 200 மில்லிலிட்டர். ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேனைக் குலுக்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து வையுங்கள். அளவு சரியாக இருந்தும் இறுகியதென்றால், குளிர்விக்கும் தகடுகளில் மரத்தூள் அடைத்திருக்கலாம். கார்புரேட்டருக்கு எரிபொருள் போதாமல் வந்திருக்கலாம். மழுங்கிய செயினோடு மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டியதும் எஞ்சினைச் சூடேற்றிக் கெடுக்கும்.

எரிபொருள் நிரப்பும்போது எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள். நிரப்பிய இடத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளிச் சென்று இயக்குங்கள். தரையில் வைத்து, பிரேக்கைப் பிடித்து, பின்கைப்பிடியில் வலது காலை ஊன்றி இழுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கவிட்டு இழுப்பது கூடாது.

கேள்வி: கிளை கழிப்பதில் நல்ல பழக்கம் உண்டு. நின்ற மரத்தைத் தனியாகச் சாய்க்கலாமா?

பதில்: தனியாக வேண்டாம், முதல் சில மரங்களை அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்கச் சாய்த்துப் பழகுங்கள். பத்திரிகையைப் படித்து மட்டும் செய்யத்தக்க வேலையல்ல இது. விழும் திசையில் ஆப்பு வடிவில் முன்வெட்டு, எதிர்ப்புறத்தில் பின்வெட்டு, இரண்டுக்கும் நடுவே விட்டத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அறுக்காமல் விடப்படும் மரம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் சாய்வைக் கட்டுப்படுத்துகின்றன. நடுவில் விடும் மரம் கதவின் கீல்போல் வேலை செய்கிறது. அதையும் அறுத்துவிட்டால் மரம் தன் விருப்பத்துக்கு விழும். மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. சாயத் தொடங்கியதும் பின்பக்கம் சாய்கோணத்தில் விலகிச் செல்ல, முன்கூட்டியே தடையில்லாத பாதையைத் துப்புரவு செய்து வையுங்கள். வேறொரு மரத்தில் சிக்கித் தொங்கும் மரத்தின் கீழ் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள்.

கேள்வி: நாள் முழுதும் அறுத்தபின் விரல்நுனிகள் வெளுத்து மரத்துப்போகின்றன. ஓய்வெடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: இதை ஓய்வோடு விட்டுவிடாதீர்கள். நீண்டகால அதிர்வினால் விரல்களின் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பாதிக்கப்படுவதன் அடையாளம் இது. குளிரில் அதிகமாகத் தெரியும், பொருட்படுத்தாமல் தொடர்ந்தால் நிலையாகவே தங்கிவிடும். உடனே மருத்துவரிடம் காட்டி, அதிர்வுள்ள கருவியோடு வேலை செய்வதாகத் தெளிவாகச் சொல்லுங்கள். இயந்திரத்தில் கைப்பிடியையும் எஞ்சினையும் பிரித்து நிற்கும் ரப்பர் கட்டைகளையோ சுருள்வில்களையோ பாருங்கள். அவை கிழிந்தோ தளர்ந்தோ இருந்தால் அதிர்வு முழுவதும் கைக்கு வந்துவிடும். மாற்றியபின் செயினையும் தீட்டுங்கள், கூர் போன செயின் அதிர்வை இன்னும் கூட்டும். மருத்துவர் அனுமதிக்கும்வரை செயின்சாவை வேறொருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.